இசை இல்லாவிட்டால் எழுந்து போய்விடுவார்களாம்

திருப்பூரில் சினிமா பேசுகிறவர்கள் ஒரு தீர்ப்பை எப்போதும் கைவசம் வைத்திருக்கிறார்கள். "பேக்ரவுண்ட் மியூசிக் இல்லாத படமெல்லாம் விருதுக்காரங்களுக்குத்தானுங்க. நம்ம ஆளு பொழுதுக்கும் மிஷின் சத்தத்துல உக்காந்துட்டு வர்றவன். தேட்டர்லயாச்சும் அவனுக்கு நாலு நல்ல மியூசிக் வேணாமுங்களா?" விநியோகத் தொழிலில் இருப்பவர் இதைச் சொல்கிறார், இடைவேளையில் பப்ஸ் விற்கிறவர் சொல்கிறார், யூடியூபில் விமர்சனம் பண்ணுகிற தம்பியும் சொல்கிறார். கேட்பதற்கு உழைக்கிறவன் மேல் உள்ள கரிசனம் போலவே இருக்கும்.

2024 ஆகஸ்ட் 23 அன்று 'கொட்டுக்காளி' வெளியானதிலிருந்து இந்தத் தீர்ப்புக்கு ஒரு சாட்சியும் கிடைத்துவிட்டது. பி.எஸ். வினோத்ராஜ் இயக்கி, சிவகார்த்திகேயன் தயாரித்து, சூரியும் அன்னா பென்னும் நடித்த படம். பெர்லின் திரைப்பட விழாவுக்குப் போய்வந்த பிறகு இங்கே வெளியானது. அதில் பாட்டு இல்லை, ஆர்.ஆர். என்கிற பின்னணி இசை இல்லை, இசையமைப்பாளர் என்று ஒரு பெயரே இல்லை. படப்பிடிப்பிலேயே பதிவு செய்த ஒலியை வைத்து சுரேனும் அழகியகூத்தனும் அமைத்துக் கொடுத்த சத்தம்தான் தொடக்கம் முதல் கடைசி வரை. அதே நாளில் சந்தோஷ் நாராயணன் இசையோடு மாரி செல்வராஜின் 'வாழை' வந்தது, நன்றாக ஓடியது. கொட்டுக்காளிக்கு அந்தக் கூட்டம் வரவில்லை. இதையெல்லாம் நேராக ஓடிடியில் விட்டிருக்கலாம், தியேட்டருக்குக் கொண்டுவந்து ஜனங்களைச் சோதிப்பானேன் என்று திரைத்துறைக்குள்ளிருந்தே பேச்சு வந்தது.

அந்தக் கரிசனத்தை நான் நம்பவில்லை. உழைக்கிறவனுக்காகப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு அவனுடைய காதைக் கேவலப்படுத்துகிற பேச்சு அது.

ஒரு பனியன் கம்பெனியின் தையல் ஹாலில் கால் மணி நேரம் நின்று பார்த்தவர் எவரும் அப்படிப் பேசமாட்டார். ஒரு பக்கம் ஓவர்லாக், ஒரு பக்கம் பேட்லாக், நடுவில் சிங்கர், மேலே ஃபேன், மூலையில் ஸ்பீக்கரில் பாட்டு. வெளியிலிருந்து போகிறவருக்கு அது மொத்தமாக ஒரே இரைச்சல். பேட்லாக் அடிக்கிற அக்காவுக்கு அப்படி இல்லை. கை துணியில் இருக்கும், வாய் பக்கத்து மிஷின்காரியோடு பேசிக்கொண்டிருக்கும், காது மட்டும் தன் மிஷினை விட்டு நகராது. ஊசி முனை மழுங்கினால் துணியில் இறங்கும் சத்தம் மாறும். லூப்பரில் ஊசி தட்டினால் ஒரு சின்ன 'டிக்'. பீஸைத் திருப்பிப் பார்க்கும் முன்பே பெடலிலிருந்து கால் எடுபட்டுவிடும். மெக்கானிக்கைக் கூப்பிட்டால் அவரும் முதலில் துணியைப் பார்ப்பதில்லை. "ஓட்டுக்கா" என்பார். தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்பார். அதற்குப் பிறகுதான் ஸ்பேனர் பையிலிருந்து வெளியே வரும். பல்லடம், சோமனூர் பக்கத்தில் தறி ஓட்டுகிறவர்களும் இப்படித்தான். இத்தனை தறிச் சத்தத்துக்குள் தன் தறி ஒன்று தப்பாக அடிப்பதை முதுகுக்குப் பின்னாலிருந்தே பிடித்துவிடுவார்கள்.

சத்தத்தைப் பிரித்துக் கேட்பதையே பிழைப்பாக வைத்திருக்கிற இந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான், வயலின் வந்து முதுகில் தட்டிச் சொல்லாவிட்டால் ஒரு காட்சியின் சோகம் இவர்களுக்குப் பிடிபடாது என்கிறார்கள்.

சத்தம் நின்றால் என்ன அர்த்தம் என்பதும் இந்த ஊருக்குத் தெரிந்த அளவு வேறு ஊருக்குத் தெரியாது. கரண்ட் போனவுடன் தையல் ஹாலில் என்ன நடக்கிறது என்று கவனித்தால் போதும். மோட்டார்கள் ஒவ்வொன்றாக இறங்கி ஓய்கின்றன, ஸ்பீக்கரில் பாட்டு பாதியில் அறுந்து போகிறது, அதுவரை மிஷின் சத்தத்துக்காகக் கத்திப் பேசிக்கொண்டிருந்தவர்களின் குரல் திடீரென்று அப்பட்டமாக வெளியே கேட்கிறது. யாரோ ஒருத்தி தன் வீட்டுச் சங்கதி சொல்லிக்கொண்டிருந்தது ஹால் முழுக்கத் தெரிந்துவிடுகிறது. ஜெனரேட்டர் எடுக்கும்வரை பீஸ் ரேட்காரர்களுக்கு அந்த நிமிடங்கள் பணம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும், 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதும், தெருவில் மிஷின் ஓட்டம் நின்றதைக் கேட்டே வரப்போகும் வாரங்களை ஜனங்கள் கணக்குப் போட்டார்கள். சும்மா இருக்கும் அமைதி என்று இங்கே ஒன்று கிடையாது.

கொட்டுக்காளி இந்தக் காதுகளை நம்பித்தான் எடுக்கப்பட்டிருக்கிறது. வேறு சாதிப் பையனை விரும்பும் மீனாவுக்குப் பேய் பிடித்திருப்பதாக முடிவு கட்டி, கட்டிக்கொள்ளப் போகும் பாண்டியும் சொந்தக்காரர்களும் ஆட்டோவிலும் பைக்கிலும் அவளை ஒரு சாமியாரிடம் கூட்டிப்போகிறார்கள். கதை அவ்வளவுதான். பாண்டிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. கழுத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு, கரகரத்த குரலில்தான் படம் முழுக்க அதிகாரம் செய்கிறான். மீனா ஏறக்குறையப் பேசுவதே இல்லை. பேசுகிறவனுக்குக் குரல் கெட்டிருக்கிறது, குரல் கெடாதவள் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள். வழியில் ஒலிபெருக்கியில் ஒரு சினிமாப் பாட்டு வருகிறது. அவள் அதை மெல்ல முணுமுணுக்கிறாள். அது பாண்டியின் காதில் விழுகிறது. அந்த ஒரு முணுமுணுப்புக்கு அவன் ஆடுகிற வெறியாட்டம், அவளையும் தடுக்க வந்த தன் வீட்டுப் பெண்களையும் அடித்துத் தள்ளுவது, படத்திலேயே பயங்கரமான இடம் அதுதான்.

இந்த இடத்தில் பின்னணி இசை இருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதலாவது, அதற்கு முந்தைய முக்கால் மணி நேரமும் இசை ஓடிக்கொண்டிருந்திருந்தால், அந்த ஒலிபெருக்கிப் பாட்டு இன்னொரு பாட்டாகப் போயிருக்கும். முணுமுணுப்பு காதிலேயே விழுந்திருக்காது. இரண்டாவது, அடி விழும்போது தாளக்கருவிகள் சேர்ந்து முழங்கியிருந்தால் அது ஸ்டண்ட் காட்சி. தமிழ் சினிமாவில் அறுபது வருடமாக அப்படித்தான் கேட்டுப் பழகியிருக்கிறோம். இங்கே விழுகிற அடி, பக்கத்து வீட்டில் விழுகிற அடியின் சத்தத்தோடு விழுகிறது. தியேட்டரில் என் வரிசையில் இருந்த பெண்கள் அந்த நேரத்தில் செல்போனைப் பார்க்கவில்லை. வெளியே வந்தபோது சிலர் திட்டினார்கள், உண்மைதான். சாமியார் வீட்டு வாசலில் படத்தை அப்படியே நிறுத்திவிட்டானே, முடிவு எங்கே என்று திட்டினார்கள். மியூசிக் எங்கே என்று கேட்டு ஒருவரும் என் காதுபடத் திட்டவில்லை.

இந்த இயக்குநர் சிறுவயதில் படிப்பை விட்டு மதுரைப் பூ மார்க்கெட்டிலும், பிறகு நம் திருப்பூரில் பனியன் வேலையிலும் இருந்தவர். சென்னையில் டிவிடி கடையில் வேலை பார்த்துக்கொண்டே உலகப் படங்களைப் பார்த்தவர். அவருடைய முதல் படம் 'கூழாங்கல்' 2021-இல் ராட்டர்டாமில் டைகர் விருது வாங்கியது. மிஷின் சத்தம்தான் அவருக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்தது என்று கதை கட்ட நான் தயாராக இல்லை. ஆனால் விருதுக்காரர்களுக்காக எடுக்கப்பட்டது என்று நீங்கள் ஒதுக்குகிற படத்தை எடுத்தவர், நீங்கள் யாருக்காகப் பரிந்து பேசுகிறீர்களோ அந்தக் கூட்டத்திலிருந்து வந்த ஆள். அதை வசதியாக மறந்துவிடுகிறீர்கள்.

அடுத்து வருவது பாரம்பரிய வாதம். தமிழனுக்கு இசை ரத்தத்தில் ஊறியது, தெருக்கூத்திலிருந்து வந்தவன், இசை இல்லாமல் கதை கேட்கமாட்டான் என்பார்கள். கூத்தில் மிருதங்கக்காரரும் முகவீணைக்காரரும் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி உட்கார்ந்திருப்பார்கள். கட்டியங்காரன் அவர்களைக் கூப்பிட்டுக் கிண்டல் செய்வான். அது கதையின் முன்னணியில் இருக்கிற இசை. ஒளிந்துகொண்டு உணர்ச்சி ஏற்றுகிற வேலை அதற்கு இல்லை. கொங்கு நாட்டு உதாரணமே போதும். அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடுகிறவர்கள் இரவு இரவாகச் சொல்லும் கதையில் பாட்டும் வசனமும் மாறி மாறி வரும். வசனம் வரும்போது உடுக்கை ஓயும், கேட்கிற கூட்டம் இன்னும் நெருங்கி உட்காரும். 1960களின் நடுவில் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த பிரெண்டா பெக் அந்தக் கதையை ஒலிநாடாவில் முழுதாகப் பதிந்து வைத்தார். பாரம்பரியம் என்று பேசுகிறவர்கள் முதலில் அந்த மாதிரிப் பதிவுகளைக் கேட்கட்டும். எங்கே அடிப்பது, எங்கே நிறுத்துவது என்று உடுக்கைக்காரருக்குத் தெரியும்.

அப்படியானால் படம் முழுக்க ஒரு வினாடிகூட விடாமல் இசை நிரப்புகிற வழக்கம் எங்கிருந்து வந்தது? ரசனையைவிடத் தொழிற்சாலைக் கணக்குக்கு இதில் பங்கு அதிகம். வெளிப்புறப் படப்பிடிப்பு பெருகியபோது கேமரா இரைந்தது, ஜெனரேட்டர் இரைந்தது, வேடிக்கை பார்க்கும் கூட்டம் இரைந்தது. இடத்தில் பதிவாகும் ஒலி வெறும் அடையாளத்துக்கு என்று ஆகி, எல்லாவற்றையும் டப்பிங் கூடத்தில் திரும்பப் பேசிச் சேர்க்கும் முறை நிலைத்தது. கதாநாயகிக்கு வேறு ஒருவர் குரல். காற்றும் காக்கையும் சந்தையும் தொலைந்துபோயின. செத்துக் கிடக்கும் அந்த ஒலித்தடத்தை மூட ஏதாவது போட்டுத்தானே ஆகவேண்டும்? கடைசிச் சில நாட்களில் ஆர்.ஆர். வந்து அந்த ஓட்டைகளை அடைத்தது. 2004-இல் 'விருமாண்டி'க்குக் கமல்ஹாசன் படப்பிடிப்பிலேயே நேரடியாக ஒலி பதிந்தபோது, மதுரைப் பேச்சு பேசிய இடத்தின் காற்றோடு காதில் விழுந்தது பெரிய புதுமையாகத் தெரிந்தது. பேசும்படம் வந்து எழுபது வருடங்களுக்கு மேல் ஆகியும் அது புதுமை! தொழில் தன் வசதிக்காகச் செய்துகொண்ட ஏற்பாட்டை, ஜனங்களின் விருப்பம் என்று ஜனங்கள் தலையிலேயே கட்டுகிறார்கள்.

இந்த ஊர் விநியோகஸ்தர்களுக்கு ஹாலிவுட் என்றால் மரியாதை உண்டு, ஆகவே அங்கேயும் ஒரு எட்டு போய்வரலாம். பேசும்படம் தொடங்கிய காலத்தில் அங்கே பல படங்களில் தலைப்புக்கு மேல் ஒரு இசைத்துண்டு, பிறகு ஒன்றும் கிடையாது. அன்றைய கருவிகளில் பேச்சையும் இசையையும் பிறகு சேர்ப்பது பெரும்பாடு என்பது ஒரு காரணம். காட்டில் நிற்கிறவனுக்கு வாத்தியம் எங்கிருந்து வந்தது என்று ரசிகன் கேட்பான் என்ற பயம் இன்னொரு காரணம். 1931-இல் வந்த 'டிராகுலா'வில் பெலா லுகோசி மாடிப்படியில் இறங்கி வரும்போது ஒரு வாத்தியமும் இல்லை. யுனிவர்சல் நிறுவனத்துக்கு அது பணம் கொட்டிய படம். ஏறக்குறைய எழுபது வருடம் கழித்து ஃபிலிப் கிளாஸ் அதற்குத் தனியாக இசை எழுதினார். அதுவரை பயந்தவர்கள் இசை இல்லாமலேதான் பயந்தார்கள். 1934-இல் வந்த ஃபிராங்க் காப்ராவின் 'இட் ஹாப்பண்ட் ஒன் நைட்' ஐந்து பெரிய ஆஸ்கர்களையும் அள்ளியது. அதில் பின்னணி இசை பேருக்குத்தான். பஸ்ஸில் பயணிகள் சேர்ந்து பாடுகிற பாட்டுதான் எல்லார் நினைவிலும் நிற்கிறது. 1933-இல் 'கிங் காங்' படத்துக்கு மாக்ஸ் ஸ்டைனர் எழுதிய பிரம்மாண்டமான இசைக்குப் பிறகு காற்று மெல்ல மாறியது. அது அபாரமான வேலை, மறுக்கவில்லை. ஆனால் அந்த வருடங்களில் இந்தப் படங்களுக்கு டிக்கெட் வாங்கிய அமெரிக்கப் பஞ்சாலைத் தொழிலாளியும் கப்பல்துறைக் கூலியும் விருதுக்குழு உறுப்பினர்கள் அல்ல.

அதே 1931-இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் எடுத்த 'எம்' படத்தில் குழந்தைகளைக் கொல்கிறவன் ஒரு மெட்டை விசிலடித்துக்கொண்டே போவான். படத்தில் பின்னணி இசை என்று தனியாக எதுவும் கிடையாது. நடிகர் பீட்டர் லோரிக்கு விசிலடிக்க வராததால் லாங்கே அடித்தாராம். நகரத்துப் போலீசும் திருட்டுக் கும்பலும் தேடியும் சிக்காதவனைக் கண்டுபிடிப்பது பலூன் விற்கும் ஒரு குருடர், அந்த விசிலைக் கேட்டு. சுற்றிலும் இசை ஓடிக்கொண்டிருந்தால் அந்த விசிலுக்கு மதிப்பு ஏது?

ஹிட்ச்காக்கைப் பற்றி ஒரு கதை உண்டு. 1944-இல் 'லைஃப்போட்' எடுக்கும்போது, நடுக்கடலில் இசை எங்கிருந்து வரும் என்று அவர் கேட்டாராம். கேமரா எங்கிருந்து வந்தது என்று அவரிடம் கேளுங்கள், இசையும் அங்கிருந்துதான் வந்தது என்றாராம் இசையமைப்பாளர் டேவிட் ராக்சின். சரியான அடி. எதிர்த்தரப்பின் கையில் இருக்கிற நல்ல வாதம் இது ஒன்றுதான், இதை நான் ஒப்புக்கொள்கிறேன். நிஜ வாழ்க்கையில் இசை இல்லை, அதனால் படத்தில் கூடாது என்று யாராவது சொன்னால் அது மடத்தனம். இயற்கைத்தன்மைக்காக நான் வாதாடவில்லை. 1963-இல் அதே ஹிட்ச்காக் 'தி பேர்ட்ஸ்' எடுத்தபோது இசையை விட்டது இயற்கைக்காகவா? ஆஸ்கர் சாலா டிராடோனியம் என்ற மின்கருவியில் உண்டாக்கிய பறவைச் சத்தங்கள் அதில் உண்டு, முழுக்கச் செயற்கை. வழக்கமாக அவருக்கு இசையமைக்கும் பெர்னார்ட் ஹெர்மன் இந்தப் படத்தில் ஒலி ஆலோசகராக மட்டும் உட்கார்ந்தார். பள்ளிக்கூட வாசலில் கதாநாயகி சிகரெட்டோடு உட்கார்ந்திருக்க, உள்ளே குழந்தைகள் முடிவில்லாமல் ஒரு பாட்டைப் பாடிக்கொண்டே இருக்க, அவள் முதுகுக்குப் பின்னால் ஒவ்வொரு காக்கையாக வந்து கம்பியில் உட்காரும் காட்சியைப் பாருங்கள். அவளுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். கூட்டத்துக்கான திகில் படம் அது, திரைப்பட விழாவுக்கான சரக்கல்ல. கதையைச் சொல்ல எது தோதோ அதை எடுத்தார்.

சரி, வசூல்? ஓடவில்லையே என்பதுதானே கடைசி அஸ்திரம். 1964-இல் சிட்னி லூமெட்டின் 'ஃபெயில் சேஃப்' வந்தது, இசையே இல்லாத அணுகுண்டுப் படம். ஓடவில்லை. அதே வருடம் அதே கொலம்பியா நிறுவனம் அதே விஷயத்தை வைத்து ஸ்டான்லி குப்ரிக் எடுத்த கேலிப்படத்தை முன்னாடியே வெளியிட்டிருந்தது. இசை இல்லாததால் தோற்றது என்று அங்கே யாரும் கணக்கு எழுதவில்லை. கொட்டுக்காளிக்கு மட்டும் ஏன் அப்படி எழுதவேண்டும்? நம் பக்கத்திலேயே இன்னொரு கணக்கு இருக்கிறது. அடூர் கோபாலகிருஷ்ணன் 1977-இல் எடுத்த 'கொடியேற்றம்' படத்தில் பின்னணி இசை கிடையாது. திருவிழா திருவிழாவாகச் சுற்றும் ஒரு வெகுளியின் கதை, செண்டையும் வாணவேடிக்கையும் லாரிச் சத்தமுமாக. பரத் கோபிக்குத் தேசிய விருது கிடைத்தது மட்டுமல்ல, கேரளத்துச் சாதாரணத் தியேட்டர்களில் ஜனங்கள் பார்த்து ஓடிய படம் அது. பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் உட்காருகிற மனிதன் இந்தப் பக்கம் வந்தவுடன் எழுந்து போய்விடுவானா?

இங்கே உடனே 'அந்த நாள்' படத்தை இழுப்பார்கள். 1954-இல் பாட்டில்லாமல் வந்து அடிவாங்கியதே என்று. அதில் பாட்டுதான் இல்லை, பின்னணி இசை இருந்தது. ஒன்றுக்கு இன்னொன்றைச் சாட்சி சொல்ல வைக்கவேண்டாம். வேண்டுமானால் இதை யோசியுங்கள். அந்தப் படத்தை இயக்கிய எஸ். பாலசந்தர் இந்த நாட்டின் பெரிய வீணைக் கலைஞர்களில் ஒருவர். இசை தெரியாதவன்தான் இசையை விடுவான் என்ற ஏளனத்துக்கு அவர் ஒருவர் போதும்.

இளையராஜா பிறந்த மண்ணில் இப்படி எழுதலாமா என்று ஒரு நண்பர் கோபப்பட்டார். தையல் ஹாலில் ஷிப்ட் நகர்வதே அவர் பாட்டில்தான், அது எனக்கும் தெரியும். இசைமேல் எனக்கு என்ன பகை? இசையை மதிக்கிறவர்தான் அது வேண்டாத இடத்தையும் அறிவார். ஹாலிவுட் துரத்திவிட்டதால் பிரான்சுக்குப் போன ஜூல்ஸ் தாசன் 1955-இல் 'ரிஃபிஃபி' எடுத்தார். அதில் நகைக்கடைத் திருட்டு ஏறக்குறைய அரை மணி நேரம் வசனமோ இசையோ இல்லாமல் போகும். ஜார்ஜ் ஓரிக் அந்தக் காட்சிக்கு இசை எழுதி வைத்திருந்தார். இசையோடும் இசையில்லாமலும் இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டு, இல்லாததே நல்லது என்று அவரே எடுத்துவிடச் சொன்னார். இசையமைப்பாளருக்கு வராத கோபம் ரசிகர் மன்றத்துக்கு ஏன் வருகிறது?

கடைசியாக ஒரு தொழில் சங்கதி. இதை விநியோகஸ்தர்கள் பேசமாட்டார்கள். படத்தின் ஒலியைக் கலக்கிற அறையில் டால்பி முறைப்படி அளவை 7-இல் வைத்துத்தான் கலக்கிறார்கள். தியேட்டரிலும் அதே 7-இல் வைத்தால்தான் அவர்கள் கேட்டது நமக்குக் கேட்கும். நடப்பது வேறு. வாத்தியங்களும் வெடிகளும் முட்டி மோதுகிற படங்களுக்கு ஜனங்கள் காதைப் பொத்துகிறார்கள் என்று பல தியேட்டர்களில் அதை 4, 5-க்கு இறக்கி வைத்து, அதிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த அளவில் கொட்டுக்காளி போன்ற படத்தைப் போட்டால் பாண்டியின் கரகரப்பு பாதி போய்விடும், மீனாவின் முணுமுணுப்பு ஏசி இரைச்சலில் முழுக்கப் போய்விடும். மிச்சம் இருப்பது ஆட்டோ ஓடுகிற படம். அதையும் வேலை நாள் மதியக் காட்சியில், பனியன் கம்பெனியில் ஆள் அத்தனை பேரும் உள்ளே இருக்கும் நேரத்தில் போட்டுவிட்டு, நம்ம ஆளு வரலீங்க என்று கை விரிக்கிறார்கள்.

அடுத்து இப்படி ஒரு படம் வரும்போது சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்த பிறகு, ஞாயிறு இரவுக் காட்சி ஒன்றை அதற்குக் கொடுங்கள். ஆபரேட்டரிடம் சொல்லி அளவை 7-க்கு ஏற்றுங்கள். அதற்கும் எழுந்து போனால், போகிறவர்களை வாசலில் நிறுத்தி ஏன் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள், பேசுவோம்.